கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகலையா? ஃபார்மட் போடும் முன் இதைப் பாருங்க.. டெல்டா மழைக்காலத்துக்கான முழு விளக்கம்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும் நேரத்தில்தான் கம்ப்யூட்டருக்கும் வேலை கூடுகிறது. சம்பா நெல்லுக்கான பயிர்க் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் நவம்பர் 15-ம் தேதிதான் கடைசி நாளாக அறிவிக்கப்படுகிறது. சில ஆண்டுகளில் நீட்டிப்பும் உண்டு. அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல் எல்லாம் பொது சேவை மையத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, வங்கியிலோ பதிவாக வேண்டும். அதே நாட்களில்தான் இடி, மின்னல், மின்தடை, லோ வோல்டேஜ் எல்லாம் சேர்ந்து வரும்.

அப்படி ஒரு நாளில் பவர் பட்டனை அழுத்தினால் கம்ப்யூட்டர் எழவில்லை என்றால் என்ன செய்வது? "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்பதுதான் பல இடங்களில் முதலில் கிடைக்கும் பதில். ஃபார்மட் போட்டால் கம்ப்யூட்டர் மறுபடி ஓடலாம். ஆனால் உரக்கடையின் டேலி கணக்கு, பிள்ளையின் கல்லூரி புராஜெக்ட், இறந்துபோன அப்பாவின் போட்டோக்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

பெரும்பாலான நேரங்களில் அதற்கு அவசியமே இருக்காது. கம்ப்யூட்டர் எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்தாலே கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். எப்படி என்று பார்க்கலாம்.

கம்ப்யூட்டர் வேறு, ஃபைல் வேறு

முதலில் மனதில் வைக்க வேண்டியது இதுதான். உங்கள் ஃபைல்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி என்ற ஒரே பாகத்தில் இருக்கின்றன. பவர் சப்ளை எரிந்தாலும், ரேம் கழன்றாலும், ஸ்கிரீன் போனாலும், விண்டோஸே கெட்டாலும் அந்த ஃபைல்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். டிஸ்க்கே பழுதானால் மட்டும்தான் நிலைமை வேறு.

ஆகவே ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் "எப்படி ஓட வைப்பது?" என்பது இரண்டாவது கேள்விதான். "உள்ளே இருப்பதில் வேறெங்கும் காப்பி இல்லாதது என்ன?" என்பதே முதல் கேள்வி. அப்படி எதுவும் இல்லையென்றால் தைரியமாக எதையும் முயற்சிக்கலாம். இருந்தால் ஒவ்வொரு அடியும் நிதானமாக வைக்க வேண்டும்.

எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பவர் பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டர் நான்கு கட்டங்களைக் கடக்கிறது. முதலில் மின்சாரம் உள்ளே போகிறது. அடுத்து பயாஸ் என்ற சின்ன மென்பொருள் விழித்து ரேம், கீபோர்டு, ஸ்கிரீன் எல்லாம் சரியா என்று சோதிக்கிறது. மூன்றாவதாக, விண்டோஸ் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று தேடுகிறது. கடைசியில் விண்டோஸ் ஏறுகிறது. உங்கள் கம்ப்யூட்டர் இந்த நான்கில் எதில் நிற்கிறது?

கட்டம் 1: லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை

இது மின்சாரம் தொடர்பானது. ஃபைலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக் பாயிண்டில் போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். யூபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவரில் செருகுங்கள். டெஸ்க்டாப் என்றால் கேபினெட்டின் பின்பக்கம் பவர் கேபிள் அருகே இருக்கும் சிறிய சுவிட்ச் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். யூபிஎஸ் பழசாகியிருந்தால், கரண்ட் இருக்கும்போதும் அது மின்சாரத்தை வெளியே விடாமல் இருக்கலாம்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்ற முடியும் மாடலாக இருந்தால் அதையும் எடுங்கள். பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, முரண்டு பிடித்த லேப்டாப் இதிலேயே எழுந்துவிடுவது சகஜம்.

இடி மின்னலுக்குப் பிறகு டெஸ்க்டாப் அசையவே இல்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் சப்ளை பெட்டியை. அதை முழுசாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

கட்டம் 2: லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஸ்கிரீன் கறுப்பு

மானிட்டர் ஆனில் இருக்கிறதா, கேபிள் இரண்டு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் என்றால் இருட்டில் போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஸ்கிரீனின் பின்விளக்கு மட்டும் போயிருக்கிறது என்று அர்த்தம். ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு வீட்டு டிவியில் இணைத்தால் வேலையைத் தொடரலாம், ஃபைலையும் காப்பி எடுக்கலாம்.

விட்டு விட்டு "பீப்" சத்தம் வருகிறதா? அது பயாஸ் பேசும் மொழி. ஒரே ஒரு சின்ன பீப் என்றால் பல மாடல்களில் "எல்லாம் சரி". நீளமாகத் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ரேம் பிரச்சினை. சில லேப்டாப்களில் பீப்புக்குப் பதில் கேப்ஸ் லாக் விளக்கு மின்னும். எத்தனை முறை என்று எண்ணிக் குறித்து வையுங்கள். கடைக்காரருக்கு அது பெரிய உதவி.

மழைக்கால ஈரத்தில் ரேமின் தங்க நிறப் பற்கள் மங்கி, இணைப்பு விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். டெஸ்க்டாப்பில் இதை வீட்டிலேயே பார்க்கலாம். பவர் கேபிளை முழுசாகக் கழற்றுங்கள். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டு, உடம்பில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்குங்கள். ரேமை எடுத்து, பள்ளிக்கூட ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, "கிளிக்" என்று சத்தம் வரும்வரை மறுபடி அழுத்துங்கள். ரேமில் உங்கள் ஃபைல் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. அதைக் கழற்றுவதால் எதுவும் அழியாது.

கட்டம் 3: கம்பெனி லோகோ வருகிறது, பிறகு ஆங்கிலத்தில் ஒரு வரி

"நோ பூட்டபிள் டிவைஸ்", "ஆபரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால் பலரும் பயந்துவிடுகிறார்கள். இதற்கு "விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்பதுதான் பொருள். ஃபைல் அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை.

முதலில் செருகியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். பென் டிரைவில் விண்டோஸைத் தேடிக்கொண்டு நிற்பதும் உண்டு.

சரியாகவில்லை என்றால், ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலிட் பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். சில மாடல்களில் எஃப்10. அங்கே டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா, தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். விலை குறைவுதான். அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங் எல்லாம் மறந்துபோய், டிஸ்க்கைத் தேடும் வரிசையும் மாறிவிடலாம். கம்ப்யூட்டர் ஓடினாலும் தேதி தப்பாக இருந்தால் அரசு இணையதளங்கள், வங்கித் தளங்கள் "பாதுகாப்பானது அல்ல" என்று திறக்க மறுக்கும். "சைட் வேலை செய்யலை" என்று நினைப்பதில் சில நேரம் காரணம் இந்தச் சின்ன பேட்டரிதான்.

டிஸ்க்கின் பெயரே பயாஸில் இல்லை என்றால் கேபிள் கழன்றிருக்கலாம், அல்லது டிஸ்க் பழுதாகியிருக்கலாம். "டிக்.. டிக்.." என்று சத்தம் வருகிறதா? உடனே ஆஃப் செய்யுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. ஹார்ட் டிஸ்க்கின் உள்முனை, தகவல் இருக்கும் தட்டை உரசிக் கீறிவிடும். முக்கியமான ஃபைல் இருந்தால் இதற்கு மேல் வீட்டு வைத்தியம் வேண்டாம், டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும்.

கட்டம் 4: விண்டோஸ் லோகோ சுற்றிக்கொண்டே இருக்கிறது அல்லது நீலத்திரை

அப்டேட் நடக்கிறது என்று காட்டினால் காத்திருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் ஒன்றிரண்டு மணி நேரம்கூட ஆகலாம். பாதியில் ஆஃப் செய்வதுதான் பல விண்டோஸ்களைக் கெடுக்கிறது.

நெடுநேரம் ஆகியும் அசையவில்லை என்றால் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி ஆஃப் செய்யுங்கள். மறுபடி ஆன் செய்து, லோகோ வந்ததும் அதேபோல ஆஃப் செய்யுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை ஆனதும் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தானாகவே ரிப்பேர் திரை வரும். டிஸ்க்கில் டிக் டிக் சத்தம் இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அந்தத் திரையில் "ட்ரபிள்ஷூட்", அதற்குள் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" போங்கள். இந்த வரிசையில் முயற்சி செய்யுங்கள்:

• ஸ்டார்ட்அப் ரிப்பேர்: விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்து பார்க்கும். ஃபைலைத் தொடாது.
• அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்: நேற்று அப்டேட் ஆகி இன்று எழவில்லை என்றால் இதுதான் மருந்து.
• சிஸ்டம் ரீஸ்டோர்: சில நாட்களுக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும். போட்டோ, டாக்குமெண்ட் அப்படியே இருக்கும், புதிதாகப் போட்ட மென்பொருள் போகலாம்.
• ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோட்: தேவையான பாகங்களோடு மட்டும் விண்டோஸ் எழும். எழுந்துவிட்டால் முதல் வேலை, ஃபைலை பென் டிரைவில் காப்பி எடுப்பதுதான்.

"ரீசெட் திஸ் பிசி" என்பதைக் கடைசியில் வையுங்கள். அதில் இரண்டு வழி இருக்கும். "கீப் மை ஃபைல்ஸ்" என்றால் உங்கள் ஃபைல்கள் இருக்கும், போட்டு வைத்த மென்பொருள்கள் போகும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்றால் எல்லாமே போகும். அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டால் திரும்ப வழியில்லை.

நீலத்திரையில் போன் நம்பர் வந்தால் உஷார். உண்மையான விண்டோஸ் நீலத்திரையில் எந்த நம்பரும் வராது. "இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்" என்று வந்தால் அது மோசடி. ஏமாந்து பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழைக்க வேண்டும்.

உலகமே நின்ற நாள் சொன்ன பாடம்

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால், உலகம் முழுக்க விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் நின்றன. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்கும் நிலை வந்தது.

அத்தனை கம்ப்யூட்டர்களிலும் பாகம் எதுவும் எரியவில்லை, டேட்டாவும் அழியவில்லை. சேஃப் மோடில் போய்ப் பழுதான ஒரே வகை ஃபைலை நீக்கியதும் பெரும்பாலானவை எழுந்தன. நான்காவது கட்டத்தில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு ஃபார்மட்தான் ஒரே வழி என்று யாராவது சொன்னால், இந்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பலர் சிக்கிய இடம் வேறு. ரிப்பேருக்கு முன் "பிட்லாக்கர்" சாவி கேட்டது. டிஸ்க்கைத் திருட்டிலிருந்து காக்கும் பூட்டு அது. 48 இலக்க எண். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், உங்களுக்குத் தெரியாமலேயே இந்தப் பூட்டு ஆனில் இருக்கலாம். சாவி இல்லாமல் கடைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. இன்றே போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்த ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.

பள்ளியில் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறதா?

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. விண்டோஸ் எழவில்லை என்றால், ஆன் ஆகும்போது வரும் பட்டியலில் பாஸ் லினக்ஸைத் தேர்வு செய்து பாருங்கள். அது எழுந்தால், விண்டோஸ் பக்கத்து ஃபைல்களைத் திறந்து பென் டிரைவுக்கு மாற்ற முடியும்.

பாஸ் லினக்ஸ் இல்லாத கம்ப்யூட்டருக்கும் இதே வழி உண்டு. தெரிந்தவர் ஒருவரிடம் உபுண்டு போன்ற லினக்ஸை பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் மட்டும் சாவி வேண்டும்.

நனைந்தால் அரிசி மூட்டையில் வைக்கலாமா?

நெல் விளையும் ஊரில் அரிசிக்குப் பஞ்சமில்லை. அதனால் போன் நனைந்தாலும் லேப்டாப் நனைந்தாலும் அரிசிக்குள் புதைப்பது வழக்கமாகிவிட்டது. வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, தவிட்டுத் தூசிதான் துளைகளுக்குள் போகும். நனைந்த ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது.

கூரை ஒழுகியோ வெள்ளம் புகுந்தோ நனைந்தால், "ஓடுதான்னு பார்ப்போம்" என்று ஆன் செய்யாதீர்கள். ஈரத்தோடு மின்சாரம் போனால்தான் போர்டு எரியும். வீட்டு மெயினை அணைத்த பிறகே பிளக்கைத் தொடுங்கள். லேப்டாப்பைத் திறந்தபடி கவிழ்த்து, ஃபேன் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் சூடும் நேரடி வெயிலும் வேண்டாம். வெள்ளநீர் என்றால் சேறும் உப்பும் உள்ளே தங்கும், கடையில் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஆன் செய்யக் கூடாது.

போன கரண்ட் திரும்பும்போதும் கவனம்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, மன்னார்குடி பக்கத்துக் கிராமங்களில் பல வாரம் கரண்ட் இல்லை. அவ்வளவு பெரிய புயல் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு மழைக்கும் கரண்ட் போய்ப் போய் வருவது டெல்டாவுக்குப் பழகிய கதை.

ஆபத்து போகும்போது மட்டும் அல்ல, வரும்போதும்தான். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள். திரும்பி வந்து பத்து நிமிடம் நிலையாக நின்ற பிறகு செருகுங்கள். மின்னல் இருந்தால் நெட் கேபிளையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் உள்ளே வரும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட் இருக்க வேண்டும். லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், லோ வோல்டேஜில் டெஸ்க்டாப்தான் முதலில் தடுமாறும். பக்கத்தில் மோட்டார் ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால், கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. யூபிஎஸ்ஸும் சரியான எர்த்தும்தான் தீர்வு. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

கடையில் என்ன சொல்லணும்?

"ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறது, கடைசியாக என்ன நடந்தது, இடியா, அப்டேட்டா, கீழே விழுந்ததா என்று சொல்லுங்கள். திரையில் வந்த வரியை போனில் படம் எடுத்துக் காட்டுங்கள்.

அதைவிட முக்கியம் இந்த ஒரு வரி: "எனக்கு டேட்டா வேணும், என்னைக் கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க." அதைச் சர்வீஸ் ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டு முதலில் காப்பி எடுக்கச் சொல்லலாம். பழைய பாகத்தை மாற்றினால், குறிப்பாக டிஸ்க்கை மாற்றினால், பழையதைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே ஃபார்மட் போட்டாச்சா? அந்த டிஸ்க்கில் மேற்கொண்டு எதையும் ஏற்றாதீர்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் பழைய ஃபைலை மீட்க ஓரளவு வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

மழைக்கு முன் செய்ய வேண்டியது

மதிப்பெண் சான்று, ஆதார் போன்றவற்றை டிஜிலாக்கரில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சாதி, வருமானச் சான்றுகளை இ-சேவையில் மறுபடி பதிவிறக்கலாம். திரும்பக் கிடைக்காதவை கடைக் கணக்கு, குடும்பப் போட்டோ, நீங்களே எழுதி வைத்தவை. அவற்றை ஒரு வெளி டிஸ்க்கிலும், கூகுள் டிரைவ் போன்ற ஒன்றிலும் காப்பி எடுத்து வையுங்கள். காப்பி எடுத்ததும் அந்த வெளி டிஸ்க்கைக் கழற்றி, வேறு இடத்தில் உயரமாக வையுங்கள். செருகியபடியே விட்டால் ஒரே மின்னலில் இரண்டும் போகும்.

நாலு நாள் கழித்துக் கடைசித் தேதி என்றால், கம்ப்யூட்டர் சரியாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம். பயிர்க் காப்பீட்டுக்கு வேறு பொது சேவை மையம், கூட்டுறவுச் சங்கம், வங்கி என வழிகள் இருக்கின்றன. ஆவணங்களைக் கையில் எடுத்துக்கொண்டு முதலில் பதிவை முடியுங்கள். கம்ப்யூட்டரை அடுத்த நாள்கூட ரிப்பேர் பண்ணிக்கலாம்.